முதுகில் வலித்த குடல்வால்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சரவெடி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. படுக்கை விரிப்பைச் சரியாகப் பிழியாமல் இஸ்திரி மேசைக்கு அனுப்பினால் வெடிப்பாள். வீட்டிலும் அதே வாய்தான். பஸ் ஓட்டும் புருஷன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் தெருமுனை வரை கேட்கும். அதில் என்ன தப்பு? எல்லாவற்றையும் மென்று முழுங்குகிறவர்கள்தான் நல்லவர்களோ?

அன்று காலை தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது. மதியத்துக்குள் வலி நகர்ந்து போய் வலது பக்க முதுகில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ, முதுகு போகுதே!" என்று அலறினாள்.

சலவைக்கூடத்தில் முதுகு வலிக்காதவர் யார்? சூப்பர்வைசர் தைலப் பாட்டிலை நீட்டினார். "தேச்சுக்கோம்மா. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எல்லாருக்கும் இருக்கறதுன்னா நான் மட்டும் எதுக்கு சார் வாந்தி எடுக்கறேன்?"

சரவெடிக்குத் திரி பற்றிக்கொண்டது என்று கூடமே சிரித்தது. சிரிக்கிற மூஞ்சியைப் பாரு!

வீட்டில் நாத்தனார் இருந்தாள், புருஷனுக்கு அக்கா. என்றைக்கோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்துகொண்டவள். அன்று முதல் குடும்பத்துக்கே டாக்டர் அவள்தான். இவளுடைய அடிவயிற்றில் வலது பக்கம் இரண்டு விரலை வைத்து அமுக்கினாள்.

"இங்க வலிக்குதா?"

"கொஞ்சம். முதுகுலதான் அண்ணி உயிர் போகுது."

"அப்ப அது இல்ல. அப்பெண்டிக்ஸ்னா இங்க தொட்டாலே துடிச்சிருப்ப. பட்டவ நான், எனக்குத் தெரியாதா? இது வாய்வு. கத்தாம படு."

"ஒரு தழும்பு இருந்தா டாக்டராயிடுவீங்களா? என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"வாய் மட்டும் குறையல பாரு," என்றாள் நாத்தனார். புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். பாவி, காதில் பஞ்சையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் விடிந்த பிறகு வலி சட்டென்று விட்டது. "நான் சொன்னேன்ல?" என்று நாத்தனார் காபி போடப் போனாள். இவளுக்கோ உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. சொல்லலாம் என்றால் நாக்கு புரளவில்லை.

புருஷன் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான். போட்டவன் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இவ திட்டல," என்றான்.

"நல்லதாப் போச்சு, விடு."

அவன் விடவில்லை. நெற்றியைத் தொட்டான், அனலாகக் கொதித்தது. அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வந்து சொன்னார்: "பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல விரல் மாதிரி ஒரு குழாய் இருக்கு, அப்பெண்டிக்ஸ்னு சொல்ற குடல்வால். அதோட அடி எல்லாருக்கும் ஒரே இடம்தான். நுனி ஆளுக்கு ஆள் வேற பக்கம் போகும். இவங்களுக்குக் குடலுக்குப் பின்னால, முதுகைப் பாத்துத் திரும்பியிருக்கு. முன்னாடி அமுக்கினா எப்படித் தெரியும்? காலைல அது வெடிச்சுது, உள்ள அழுத்தம் குறைஞ்சுது, அதான் வலி விட்டுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளே இல்ல."

"அது வேண்டாத உறுப்புதானே டாக்டர்?" என்று நாத்தனார் இழுத்தாள்.

"யார் சொன்னது? நோயை எதிர்க்கற திசு அதுல நிறைய இருக்கு. நல்ல கிருமிங்க தங்கற இடமாவும் இருக்கலாம்னு சொல்றாங்க. எடுத்துட்டாலும் வாழலாம், அவ்வளவுதான்."

நாத்தனார் வராந்தாவுக்கு நழுவினாள். புருஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ திட்டலையா, எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. அதான் தூக்கிட்டு ஓடினேன்," என்றான், ஏதோ சாதித்தவன் மாதிரி.

அவளுக்குத் தையல் போட்ட வயிற்றையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. "நேத்து பூரா அலறினேனே, அது கேக்கலையா?"

"தினமும் கத்துறவதானேன்னு..."

"அப்ப இத்தனை வருஷமா நான் பேசினதுல ஒரு வார்த்தைகூட உங்க காதுல ஏறல. அப்படித்தானே?"

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.