வருவார்கள் என்று காத்திருந்தவன்

சிங்காரவேல் சுரங்கத்தில் பெல்ட் பார்க்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி ஓடுகிற பெல்ட்டை விட்டு, அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்கும்வரை யாரும் நகரக் கூடாது. காய்ச்சல் கொதித்தாலும் சரி, ரிலீவரின் முகத்தைக் கண்ட பிறகுதான் அவன் முத்தாண்டிக்குப்பத்து வீட்டுக்குப் புறப்படுவான். அந்தக் கட்டுப்பாடு அவன் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

அரசாங்கத்தையும் அவன் அப்படித்தான் நம்பினான். கொரோனா வந்த முதல் வருடம் டெல்லியிலிருந்து தட்டைத் தட்டச் சொன்னபோது, தெருவில் முதல் சத்தம் அவன் வீட்டுச் சத்தம்தான். விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்கள். "நாம எடுக்கிற கரியில வர்ற கரண்ட்ட நம்மளயே அணைக்கச் சொல்றாங்களே!" என்று மனைவி கண்ணகி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியாததா? நீ திரியப் போடு."

மறு வருடம், பலாப்பழ சீசனில், கண்ணகி படுத்தாள். காய்ச்சல் தணியவில்லை; மூச்சும் வாங்கத் தொடங்கியது. சிங்காரவேல் கொரோனா உதவி எண்ணுக்குப் போன் போட்டான். "எங்கேயும் அலையாதீங்க. வீட்டுலயே இருங்க. டீம் வரும்" என்றது ஒரு பெண் குரல்.

பக்கத்து வீட்டு இளைஞன் பெரியண்ணன், அன்று காலை பண்ருட்டியில் பலாப்பழத்தை இறக்கிவிட்டு லோடு ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றான்.

"மாமா, வண்டி காலியாத்தான் இருக்குது. அக்காவ ஏத்து, கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"டீம் வர நேரத்துல வூடு பூட்டிக் கெடந்தா? வரேன்னு சொன்னவங்களுக்கு எடத்துல இருக்க வேணாமா?"

"யோவ், இது என்ன உன் பெல்ட்டா? ரிலீவருக்குக் காத்துகினு இருக்கற?"

"டிவில பாக்கலியாடா? ரயில்லயே ஆக்சிஜன் வந்துகினு இருக்குது. கெவருமெண்டு நம்மள உட்டுடுமா?"

கண்ணகி கணவனைப் பார்த்தாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். பாவி மகள், அந்த நம்பிக்கையிலும் அவனுக்குச் சரிபாதி!

டீம் வரவில்லை. மறுநாள் காலை, "ஏங்க... ஜன்னலத் தொறங்க" என்றாள் கண்ணகி. ஜன்னல்கள் எல்லாம் திறந்தேதான் கிடந்தன.

அப்போதுதான் சிங்காரவேல் அலறிக்கொண்டு பெரியண்ணன் வீட்டுக்கு ஓடினான். பலாப்பழ வாசம் போகாத அந்த வண்டியில், மகள் திலகவதி அம்மாவின் காலைப் பிடித்துக்கொள்ள, தலையை அவன் மடியில் ஏந்திக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஓடியவனைத் தடுத்த நர்ஸுக்கும் கண் கலங்கியிருந்தது.

"பெட் இல்லீங்கண்ணா. நேத்து மதியம் வரைக்கும்கூட ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

அவன் வண்டிக்குத் திரும்பியபோது திலகவதி அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்ட அந்தத் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

முகத்தைக்கூடக் காட்டாமல் பொட்டலமாகக் கட்டி எரித்தார்கள்.

அந்த வருடம் அரசாங்கம் நன்றாகச் செயல்பட்டதா இல்லையா என்று டிவியில் பெரிய மனிதர்கள் கத்திக்கொண்டார்கள். திலகவதி எழுந்து போய் அதை நிறுத்தினாள். அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, பெரியண்ணன் மாமா கூப்பிட்டப்பவே போவல?"

சிங்காரவேல் வாசல் பக்கம் பார்த்தான்.

"வரேன்னு சொன்னாங்கம்மா."