வெட்டச் சொல்லிக் கேட்ட பெண்

விபத்தில் அடிபட்ட மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து, எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருவது அவர் வேலை. ஒர்க்‌ஷாப்காரர்கள் முகத்துக்கு நேரே "சர்வேயர் சார்" என்பார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் "கத்தரி" ஆகிவிடுவார். எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் அவர் பேனாவை மூடியதாகச் சரித்திரம் இல்லை. இந்தப் பட்டப்பெயர் அவர் மனைவியின் காதுக்கும் எட்டியிருந்தது. "ஊரையே வெட்டுறீங்க, உங்க கால் நகத்தை மட்டும் யார் வந்து வெட்டணும்?" என்பாள்.

காலேஜில் படித்து வந்த வேலை இல்லை. பதினெட்டு வயதில் ஒரு பெயின்ட் ஷெட்டில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தார். தேய்க்கத் தேய்க்க, சிவப்புக்குக் கீழே நீலம் வரும், நீலத்துக்குக் கீழே பழுப்பு வரும். எந்தக் கீறல் எந்த நிறத்தின் காலத்தில் விழுந்தது என்று விரல் நுனிக்கே தெரிந்துபோனது. சர்வேயர் பரீட்சையை மூன்றாம் தடவையில் பாஸ் செய்தது அதற்கப்புறம்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்கு முன்னால் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். கால் மணி நேரம் கை வைக்க மாட்டார். பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், விபத்து பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும். ரோட்டில் சிதறிய கண்ணாடித் துண்டுகள் பூச்சிகளைப் போல எழுந்து பறந்து விளக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி மெல்லப் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும். வண்டியில் ஒட்டிய தாரின் கருப்பு ரோட்டுக்கே திரும்பிப் போகும். கடைசியில் வண்டி, ஒன்றுமே நடக்காத ஒரு காலை வேளையில், வந்த வழியே பின்னால் போய் மறையும். அப்போதுதான் எழுந்து நோட்டைப் பிரிப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக வண்டிமேல் விழுந்திருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரி, இடது கையில் கட்டோடு, சுவரோரம் நின்றாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. ஆறு நாளைக்கு முன்னால், மணல் கொட்டிக் கிடந்த வளைவில் சறுக்கி, ஒரு கம்பத்தில் முட்டியிருந்தாள்.

எழுந்து எஸ்டிமேட்டைக் கூட்டிப் பார்த்தவர் மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தி நாலாயிரம் போட்டிருக்கே. வண்டிக்குக் காகிதத்துல மதிப்பு எவ்வளவு?"

"நாப்பது, சார்."

"முக்கால் பங்கைத் தாண்டினா ரிப்பேர் கிடையாது. மொத்த இழப்புன்னு எழுதணும். முப்பதுதான் எல்லை. தெரியாதா உனக்கு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "நீங்க எப்படியும் மூணுல ஒரு பங்கு வெட்டுவீங்கன்னு, நான் முன்னாடியே மூணுல ஒரு பங்கு ஏத்திட்டேன். அக்காவுக்கு நல்லது பண்ணலாம்னுதான்..."

"நல்லா பண்ணினே போ."

அவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "மொத்த இழப்புன்னா வண்டியை எடுத்துக்குவாங்களா சார்?"

"பணம் வரும். ரெண்டு மாசம் ஆகும்."

"அந்தப் பணத்துக்கு முக்கால் வண்டிகூட வராதே. பதினஞ்சு நாள்தான் லேபுல டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வண்டியோட வரலேன்னா என் தெருவெல்லாம் வேற ஆளுக்கு." அவள் ஒரு அடி முன்னே வந்தாள். "வெட்டுங்க சார். நல்லா வெட்டுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

"டேங்க் நெளிவு இந்த விபத்துலதான்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"பொய்தான் சார். அது மூணு வருஷத்துக்கு முந்தினது. என் தம்பி பீரோ இறக்கும்போது கை நழுவவிட்டான்."

அவர் குனிந்து நகத்தால் கீறினார். பழுப்புத் துரு உதிர்ந்தது. ஆமாம், பழசு. எஸ்டிமேட்டில் அந்த வரியை அடித்தார்.

"சைலன்ஸர்?"

"ஒரு வீட்டு கேட்டுல இடிச்சேன். அந்தப் பெரியவருக்கு நரம்பே கிடைக்காது, மூணு தடவை குத்தினேன். அவர் ஒண்ணுமே சொல்லல. எனக்குத்தான் வெளியில வந்ததும் கண்ணு மறைச்சுது."

அவள் சொல்லச் சொல்ல, வண்டி இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மழை நாள் ஒன்றில் சரிந்தது, புது வண்டியாக இருந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரை உரசியது, எல்லாம் பனிக்குள்ளிருந்து வருவதுபோல ஒவ்வொன்றாக வந்து அதனதன் கீறலில் உட்கார்ந்தன. அவரும் அடித்துக்கொண்டே போனார்.

"ஹெட்லைட்டும் பழசுதான் சார்," என்றாள் அவள், சூட்டோடு சூடாக.

அவர் விளக்கின் உடைந்த விளிம்பை விரலால் தடவினார். "இதுல தூசியே இல்லம்மா. புதுசு. இருக்கிறதை இல்லேன்னு நான் வெட்ட மாட்டேன்."

"சும்மா கேட்டுப் பார்த்தேன்," என்றாள். மெக்கானிக் மூக்கால் சிரித்தான்.

கூட்டினார். இருபத்தொன்பதாயிரத்து சொச்சம். அவள் பெருமூச்சு விட்டாள்.

"இருங்க. சேஸிஸ் வளைஞ்சிருந்தா இந்தக் கணக்கெல்லாம் வீண்."

மெக்கானிக் முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழற்றினான். சர்வேயர் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொட்டாற்போல இரண்டு நூல்களை முன்னால் இழுத்துக் கட்டினார். ஹேண்டில் தண்டு நுழைகிற கழுத்துக்கும் நூலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் சேஸிஸ் நேர். வலது பக்கம் ஒரு தீக்குச்சி கனம் அதிகமாக இருந்தது. மறுபடி பார்த்தார். அதே தீக்குச்சி.

நூல்கள் காற்றில் லேசாக அதிர்ந்தன. அவள் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்து வண்டியின் பின்னால் போய்ப் படுத்தார். வயிறு தரையில் பட, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

"செயினை யார் டைட் பண்ணினது?"

"நான்தான் சார், போன மாசம்."

"வலது பக்கம் ரெண்டு மரை அதிகமா இழுத்திருக்கே. சக்கரமே கோணலா நிக்குது. நூல் பின்ன எப்படி நேரா வரும்?"

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டுகளைச் சமமாக்கினான். சர்வேயர் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஸ்கேலை வைத்தார். வலது. இடது. மறுபடி வலது. சட்டையில் ஒட்டிய எண்ணெய் மண்ணைத் தட்டக்கூட மறந்து, நோட்டை முழங்காலில் வைத்து, "சேஸிஸ் நேராக உள்ளது. பழுது பார்க்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"எட்டு நாள் சார்," என்றான் மெக்கானிக்.

அவள் அதற்குள் லேபுக்கு போன் போட்டிருந்தாள். "அண்ணே, நான்தான். எட்டு நாள்ல வந்துடுறேன். என் தெருவை யாருக்கும் குடுத்துடாதீங்க. அந்த கேட் வீட்டுப் பெரியவர்கிட்ட மட்டும் புது ஆளை அனுப்பவே அனுப்பாதீங்க. அவர் நரம்பு எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."