மீன் தலையும் ஓரகத்தியின் ரோஜாவும்

வில்லியனூரில் எனக்கும் என் ஓரகத்திக்கும் அடுத்தடுத்த வீடு. சமையல் கழிவை மக்கவைத்துப் போட்டு அவள் வளர்த்த ரோஜா பூத்துக் குலுங்கியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒரு ரோஜாச்செடி வைத்து, ஒரு பக்கெட்டில் கழிவை மக்கவைக்க ஆரம்பித்தேன். ரோஜாவுக்கு மீன் கழுவிய தண்ணீர் நல்லதென்றால் மீன் தலை இன்னும் நல்லதுதானே என்று அதையும் போட்டேன். எலிகள் வந்தன. ஒருநாள் அடுப்படிக்குள் புகுந்து கேஸ் ட்யூபையே கடித்துவிட்டன. நல்லவேளை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நாற்றம் தெரிந்தது.

“மீன் தலைய போட்டா எலி வராம இன்னா பண்ணும்க்கா?” என்று சிரித்தாள் ஓரகத்தி.

இப்போது காய்கறித் தோல் மட்டும்தான். மேலே காய்ந்த இலை, இறுக்கமான மூடி, சுற்றிலும் கம்பிவலை. எலி வருவதில்லை. ஆனாலும் தினமும் அவள் செடியின் பூக்களை எண்ணிவிட்டுத்தான் என் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.