குறைத்துத் தரக் கேட்ட மனு

13-6-2022: முதல் பள்ளி, சேர்க்கைக் கட்டணம் – ரூ. 8,500
22-7-2022: அதே பள்ளி திருப்பித் தந்தது – ரூ. 3,000
5-9-2022: சேலத்தில் பேச்சுப் பயிற்சி, பத்து வகுப்பு – ரூ. 5,000
14-6-2023: இரண்டாம் பள்ளி, கட்டணமும் தனி ஆயாவுக்கு முன்பணமும் – ரூ. 16,000
18-8-2023: இரண்டாம் பள்ளி திருப்பித் தந்தது – ஒன்றுமில்லை
14-2-2024: நாமக்கல் மருத்துவக் குழு, பஸ்ஸும் சாப்பாடும் – ரூ. 186
5-4-2024: உதவித்தொகை, முதல் மாதம் – ரூ. 2,000

வெண்ணந்தூர் ஜீவானந்தம் பதினான்கு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் ஓடியவர். எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் குழாய் இறக்கிவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் ஊர் திரும்புகிற பிழைப்பு. முதல் பள்ளி அவருடைய மகன் மாதேஷை நாற்பது நாளில் திருப்பி அனுப்பியதும் அந்தப் பிழைப்பை விட்டார். பையனுக்கு அப்போது ஐந்தரை வயது. ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தால் அம்மா தமிழ்ச்செல்வியால் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதனால் அவள் நூல் மில்லுக்கு ஷிப்டு போனாள், இவர் வீட்டில் இருந்தார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அதைக் காதில் வாங்க அவருக்கு நேரமில்லை.

பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னது சேலத்துப் பேச்சுப் பயிற்சிக்காரர்தான். மாதேஷ் அதிகம் பேசமாட்டான். கண்டக்டர் கூவுவதைப் பிடித்துக்கொண்டு "ராசிபுரம், ராசிபுரம், ஏறு ஏறு" என்பான். தயிர்ச்சோறு தவிர வேறு தொடமாட்டான். பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைக் கடிப்பான். ரிக் வண்டியிலிருந்து அப்பா கொண்டுவந்த ஒரு ரப்பர் வளையம் விரலில் உருண்டுகொண்டிருந்தால் மட்டும் கூட்டத்திலும் அமைதியாக இருப்பான்.

இரண்டாம் பள்ளியில் தனி ஆயா வைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் ஜீவானந்தம் முன்னறிவிப்பின்றிப் போனார். மாதேஷ் வாட்ச்மேனின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தினமும் அங்கேதான் என்று வாட்ச்மேன் சொன்னார். ஆயா கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். சண்டை போடத் தெம்பில்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகனை அழைத்து வந்துவிட்டார்.

அடுத்து அரசாங்கத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கச் சொன்னது மச்சான் பூபதி. தமிழ்ச்செல்வியின் அண்ணன், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர்.

"மாப்ள, இன்சூரன்ஸ் சர்வேயர் வர்ற வரைக்கும் அடிபட்ட வண்டிய யாராச்சும் கழுவுவாங்களா? பையனுக்குப் பவுடர் போட்டு, தலை சீவிக் கூட்டிட்டுப் போனீன்னா, 'நல்லாத்தான இருக்கறான்'னு ஊனம் முப்பது சதவீதம்தான்னு போட்டு அனுப்பிப்போடுவாங்க. மாசாமாசம் குடுக்கற உதவித்தொகை ஒரு ரூவா வராது."

ஜீவானந்தத்துக்கு அது நியாயமாகவே பட்டது. ஜபல்பூர் அருகே அவர்களுடைய வண்டி பள்ளத்தில் இறங்கியபோது, உடைந்த கண்ணாடியைக்கூட அள்ளக் கூடாது என்று முதலாளி போனில் கத்தினார். சர்வேயர் வந்து பார்த்தார், முழுத்தொகையும் கிடைத்தது. மோசமானதை மோசமாகவே காட்டுவது ஏமாற்று இல்லை என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம்.

பிப்ரவரி 14 அன்று விடியுமுன் பையனை எழுப்பினார். சோறு ஊட்டவில்லை. நாமக்கல் பஸ் நிலையத்தில் ரப்பர் வளையத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருத்துவக் குழுவின் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். உள்ளே போனதும் மாதேஷ் அலறினான், மேசைமேல் இருந்ததையெல்லாம் தட்டிவிட்டான், மணிக்கட்டில் ரத்தம் வரக் கடித்தான். டாக்டர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள். எண்பது விழுக்காடு.

"நம்ம ரெண்டு ஊட்டு வம்சத்துலயும் எம்பது மார்க் வாங்குனது இவன் ஒருத்தன்தான்" என்றார் பூபதி. தமிழ்ச்செல்விகூடச் சிரித்துவிட்டாள்.

அந்த ஜூனில்தான் சரியான இடம் கிடைத்தது. இரண்டு மைல் தள்ளி ஓர் ஊராட்சிப் பள்ளி, மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியை சாரதாமணி, மாதேஷ் காதைப் பொத்துவதைப் பார்த்த மறுநாளே மணியைக் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோய் அடிக்கச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் சேலத்திலிருந்து ஜோஸ்லின் என்ற சிறப்பாசிரியை ஸ்கூட்டரில் வந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படம் படமாகச் சுவரில் ஒட்டிக் காட்டினாள். இரண்டாவது வாரத்தில் மாதேஷ் தன் பையைத் தானே ஆணியில் மாட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் வகுப்பில் இருந்தான். ஜீவானந்தம் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு ஒரு டீயைச் சூடாகக் குடித்தார்.

ஜூன் 28 அன்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பட்டியல் வந்தது. சாரதாமணி அவரை உள்ளே கூப்பிட்டார்.

"உக்காருங்க. எம்பது போட்டிருக்கறதால பையன வீட்டுவழிக் கல்வியில சேத்துட்டாங்க. வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், உங்க ஊட்டுக்கு ஆள் வருவாங்க. பேரு நம்ம பள்ளியில இருக்கும். ஆனா ஜோஸ்லின் இங்க அவனப் பாக்க முடியாது."

"நீங்க வெச்சுக்கலாமுங்களே டீச்சர்."

"மத்த முப்பதையும் பாத்துட்டு, அவங்க இல்லாம இவனையும் நான் எப்படிங்க பாப்பேன்? ரோட்டுக்கு ஓடிட்டா? பாத்துக்கறேன்னு பொய் சொல்லி வெச்சுக்க மனசு வரல."

வாசலில் ஜோஸ்லின் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "இவனுக்கு எம்பதா? அன்னிக்கு என்னங்கண்ணா ஆச்சு?" என்று கேட்டாள். ஜீவானந்தம் மறைக்காமல் சொன்னார். அவள் திட்டவில்லை.

"பசியையும் தூக்கத்தையும் அளந்து எழுதியிருக்காங்க. மறுபடி பாக்கச் சொல்லி மனு குடுங்க."

அதற்கு வீட்டில் ஒப்புதல் வேண்டும். தமிழ்ச்செல்வி மில் வேனிலிருந்து இறங்கி, வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கொறைச்சா அந்த ரெண்டாயிரமும் நின்னு போயிருமுங்களா?"

"எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா நின்னுரும்."

"நம்மளா போயி வேண்டாம்னு எழுதிக் குடுக்கோணும்?"

"ஆமா."

"வாரத்துல ஒரு மணி நேரம் வந்தாங்கன்னா, மீதி நேரம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இப்ப பண்றதத்தான்."

அவள் காலை வாளியிலிருந்து எடுத்தாள். "ஆணியில பைய மாட்டுனானே" என்றாள். பிறகு மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

நாமக்கல் அலுவலகத்தில் மனுவை வாங்கிய எழுத்தர் இரண்டு தரம் படித்தார். "கூட்டிப் போடச் சொல்லித்தான் சண்டைக்கு வருவாங்க. கொறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். பையனுக்குக் கொணமாயிருச்சா?"

"இல்லீங்க. அன்னிக்கு நான்தான் கெடுத்துப்போட்டேன்."

"அதையெல்லாம் எழுதாதீங்க. 'மறுமதிப்பீடு'ன்னு மட்டும் எழுதுங்க."

பிறகு அலைச்சல். ஒருமுறை டாக்டர் விடுப்பு. ஒருமுறை கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஒருமுறை பழைய அட்டையின் நகல் வேண்டும் என்றார்கள். அடுத்த முறை அசல் வேண்டும் என்றார்கள். அத்தனை மாதமும் மாதேஷ் வீட்டில் இருந்தான். வாரம் ஒரு மணி நேரம் வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவர் கிளம்பும்போதுதான் பையன் அவர் பக்கம் திரும்ப ஆரம்பிப்பான். அக்டோபருக்குள் பையை மாட்டுவது மறந்துபோனது. கையில் கொடுத்தால் கீழே போட்டான்.

நவம்பர் 13-க்கு மறுபடி அழைப்பு வந்தது. முதல் நாள் பூபதி வந்தார்.

"சளி மருந்து ரெண்டு மூடி குடுத்துக் கூட்டிட்டுப் போ மாப்ள. சொக்கிப்போயி சாந்தமா உக்காந்திருப்பான்."

"வேண்டாம் மச்சான். ஒரு தரம் உங்க பேச்சக் கேட்டது போதும்."

"கெட்டதுக்கா சொல்றேன்?"

"நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அதுதான் வேண்டாங்கறேன்."

காலையில் தயிர்ச்சோறு ஊட்டினார். முதல் பஸ், ஜன்னலோர இடம். ரப்பர் வளையம் மாதேஷின் விரலில் இருந்தது. உள்ளே பத்து நிமிடம் அவன் டாக்டர் சொன்னபடி படங்களைத் தொட்டுக் காட்டினான். அப்போது மின்சாரம் போய், வெளியே ஜெனரேட்டர் உறுமியது. மாதேஷ் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டான்.

பிடித்து இழுக்க ஜீவானந்தத்தின் கை போனது. கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தானா?" டாக்டர் கேட்டார்.

"சத்தம் வந்தா இப்படித்தானுங்க. நின்னா வந்துருவான்."

டாக்டர் காத்திருந்தார். வரிசை வாசலில் முணுமுணுத்தது. ஜெனரேட்டர் நின்று கொஞ்ச நேரம் கழித்து மாதேஷ் வெளியே வந்து, "ஏறு ஏறு" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். டாக்டர் நிமிராமல் எழுதினார். அது கூடுமா குறையுமா என்று கேட்க ஜீவானந்தத்துக்குத் தைரியம் வரவில்லை. வரும் வழியெல்லாம் பையனின் தலை அவர் தோளில் கிடந்தது. அவருக்கும் தூக்கம்தான் வந்தது.

டிசம்பர் 12 அன்று புதிய சான்று வந்தது. அறுபது விழுக்காடு. டிசம்பர் 30 அன்று உதவித்தொகையை நிறுத்திய கடிதம் வந்தது.

"நிறுத்தறதுக்கு மட்டும் எத்தன வெரசா வருது பாருங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

பள்ளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. பட்டியல் திருத்தி வராமல் தன்னால் முடியாது என்று சாரதாமணி சொன்னார், தானும் இரண்டு தரம் எழுதியிருப்பதாகச் சொன்னார். பொங்கல் போனது. பணமும் இல்லை, பள்ளியும் இல்லை. ரிக் முதலாளி போன் செய்து, பிப்ரவரியில் வண்டி கிளம்புகிறது, வருகிறாயா என்று கேட்டார். ஜீவானந்தம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மாதேஷை வீட்டுவழிப் பட்டியலிலிருந்து எடுத்து, பள்ளிக்கு வரும் பிள்ளைகளோடு சேர்த்திருப்பதாகவும், சிறப்பாசிரியை அவனுக்காக வாரம் இரண்டு நாள் வருவார் என்றும் கடைசிக் கடிதம் சொன்னது. முன்பு மூன்று நாள். கல்வியாண்டு முடிய மூன்று மாதம்கூட இல்லை. தமிழ்ச்செல்வி ஷிப்டில் இருந்ததால் அதை ஜீவானந்தம் மகனுக்குத்தான் வாசித்துக் காட்டினார். பிறகு ரிக் முதலாளிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். கடிதம் வந்த நாள் 24-1-2025, வெள்ளிக்கிழமை.