அம்பு ஒட்டாத குடல்வால்

போன வாரம் என் தங்கை செல்விக்கு வேலூரில் ஆபரேஷன். சினைப்பையில் கட்டி. வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்வது.

முதல் நாள் மாலை டாக்டரம்மா வந்தார். "எப்படியும் உள்ள போறோம். குடல்வாலையும் சேர்த்து எடுத்துடலாமா? இப்போ நல்லாத்தான் இருக்கு. பின்னாடி தொல்லை வரலாம்... வராமலும் போகலாம். எடுத்தா உள்ள ஒரு காயம் ஜாஸ்தி. நீங்கதான் சொல்லணும்."

மாப்பிள்ளை ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர். "எடுத்துடுங்க மேடம். இன்ஜினைப் பிரிச்சதும் பிரிச்சோம், மறுபடி ஷெட்டுக்கு வரணுமா?"

"நான் இன்னா இன்ஜினா?" என்றாள் செல்வி.

நானும் மாப்பிள்ளை கட்சிதான். என் குடல்வால் வெடித்தது ஓடும் பஸ்ஸில், நாட்றம்பள்ளி தாண்டி. பிழைத்ததே பெரிது. அந்த வலி தங்கைக்கு வேண்டாமே என்ற பயம்.

சம்மதப் படிவம் அவள் மடியில். பேனா மாப்பிள்ளை கையில்!

செல்வி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக செக்கர். தையல் பிசகு, தோலில் கீறல் — எதுவானாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்புவாள். அம்பு ஒட்ட இடமில்லாத ஷூவை, மேனேஜரே சொன்னாலும் ஒதுக்க மாட்டாள்.

கொஞ்சமும் பயப்படாமல் கேட்டாள்: "மேடம், அதுல டேமேஜ் எங்கன்னு ஸ்கேன்ல காட்டுங்க."

"டேமேஜே இல்லம்மா."

"அப்ப எப்படி மேடம் ரிஜெக்ட் பண்றது?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, வெடிச்சது உன்னுது. என்னுது இன்னா பண்ணுச்சு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். செல்வி மாப்பிள்ளையிடமிருந்து பேனாவை வாங்கி, கட்டிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

சிலருக்கு எடுத்துவிடுவதே நல்லதாக இருக்கலாம். அதை டாக்டர் சொல்வார். ஆனால் கேள்வி செல்விக்கு. பதில் சொல்ல முந்தியது இரண்டு ஆண்கள். வயிறு யாருடையது?

மறுநாள், "கட்டி எடுத்தாச்சு. குடல்வாலையும் பார்த்தேன், சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. பாதி மயக்கத்தில் செல்வி கேட்டாள்: "பாஸா மேடம்?"

இதை எழுதி முதலில் அவளிடம்தான் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பினாள் — 'கொஞ்சமும் பயப்படாமல்.'

"கை நடுங்குச்சுண்ணா."

அந்த வார்த்தைகளை நான் எடுக்கவில்லை. அண்ணன்காரன் எழுத்தில் அந்த டேமேஜ் இருந்துவிட்டுப் போகட்டுமே!