நூறு மீட்டரை நூறு மீட்டராக்கிய லூர்து டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் மைதானத்துக்கே வந்துவிட்டார். "சார், ஏலாக்குறிச்சியிலேருந்து போன். லூர்து டீச்சர் விடிகாலைல தவறிட்டாங்களாம்." கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் மருத்துவமனையில் அவரைப் பார்த்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்திருந்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்துமேரி டீச்சர், ஏலாக்குறிச்சிக்காரர், அரியலூர் பக்கத்தில் உள்ள எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. நான் உடற்கல்வி ஆசிரியர். அவருக்கு வகுப்பறை, எனக்கு வெயில். எங்களுக்குள் சண்டை வர நியாயமே இல்லை. ஆனாலும் வந்தது, நன்றாகவே வந்தது.

பணியில் சேர்ந்த அன்று அவர் ஒரு மீட்டர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கூட்டத்தில் அது யார் முதுகிலோ குத்த, "இந்தக் குச்சிக்கும் டிக்கெட் எடுங்கம்மா" என்றாராம் நடத்துநர். "எடுத்துட்டாப் போச்சு. மீட்டருக்கு எவ்வளவுங்க?" என்று டீச்சர் கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. முதல் பீரியடுக்கு மணி அடிக்கும் முன்பே இந்தக் கதை பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அளவுகளைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் கிணற்றுக் கயிற்றை அளந்தார்கள், முந்திரிக்கொட்டையை எடை போட்டார்கள், தலைமையாசிரியரின் மேசையைக்கூட விடவில்லை. ஒருநாள் எட்டாம் வகுப்பு முழுவதும் என் மைதானத்தில் இறங்கியது. என் மைதானம் என்றுதான் சொல்வேன், அதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ நட்டுவைத்த இரண்டு கற்கள் அங்கே உண்டு. அவற்றுக்கு இடையில் நூறு மீட்டர் என்பது ஊரறிந்த செய்தி. பிள்ளைகள் ஏழு குழுவாகப் பிரிந்து அளந்தார்கள். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்றரை என்றே எல்லாரும் சொன்னார்கள்.

"நல்லாத்தான் அளக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்" என்று நான் கிண்டலடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு குழு தப்பா அளந்திருக்கலாம் சார். ஏழு குழுவும் பேசி வச்சிக்கிட்டு ஒரே மாதிரியா தப்பு பண்ணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அளவு நாடாவை எடுத்து வந்து நானே இழுத்தேன். தொண்ணூற்றொன்று மீட்டரும் சில்லறையும். டீச்சர் கல்லின் வெள்ளையைச் சுரண்டினார். 'மீட்டர்' என்ற எழுத்துக்கு அடியில் பழைய 'கெஜம்' எட்டிப் பார்த்தது. கெஜம் மீட்டரைவிடச் சற்றுக் குட்டை, நூறு கெஜம் தொண்ணூற்றொன்றரை மீட்டர்தான். நாடு மீட்டருக்கு மாறியபோது யாரோ ஒரு புண்ணியவான், கல்லை நகர்த்தாமல் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்போது எங்களிடம் தமிழரசி இருந்தாள். ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விவசாயி மகள், ஒன்பதாம் வகுப்பு. அந்தக் கற்களுக்கு இடையே பன்னிரண்டரை நொடியில் ஓடுவாள். விளையாட்டு விடுதிக்கான தேர்வு மூன்று வாரத்தில் பெரம்பலூரில் நடக்கவிருந்தது. இடம் கிடைத்தால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் விடுதியில். அவளுக்குக் கிடைத்த மாதிரிதான் என்று கொடியேற்றத்தில் தலைமையாசிரியர் முழங்கியும் விட்டார்.

"தேர்வு முடியட்டும் டீச்சர், கல்ல அப்பறம் நகட்டிக்கலாம். இப்பச் சொன்னா புள்ள மனசு உட்டுரும்" என்றார் தலைமையாசிரியர்.

"பெரம்பலூர்ல கோடு நமக்காக முன்னாடி வந்து நிக்குமாங்க சார்?" என்று கேட்டார் டீச்சர். அன்று மாலையே கல் பெயர்ந்தது.

புதிய தூரத்தில் தமிழரசிக்குப் பதின்மூன்றே முக்கால் நொடி ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "நான் ஸ்லோவாயிட்டேன் டீச்சர்." டீச்சர் தரையில் குச்சியால் இரண்டு கணக்குப் போட்டார். முன்பு நொடிக்கு எத்தனை மீட்டர், இப்போது எத்தனை. இரண்டிலும் ஏறக்குறைய ஏழு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் வந்தது. "இங்க பாரு புள்ள, ஒன் வேகம் குறையல. தூரந்தான் கூடியிருக்கு." அழுகை நின்றது. அவ்வளவு காலம் வேகத்தை வைத்தே பிழைத்த எனக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லையே என்று இருந்தது.

ஆனால் பழைய கல் இருந்த இடம் வந்ததும் அவள் கால் தானாகத் தளர்ந்தது. மனது ஒப்புக்கொண்டதைக் கால் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு, கோட்டைத் தாண்டி நின்று கத்துவார்: "கோட்டப் பாக்காத, என்னப் பாரு! வா, வா!" ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பெரம்பலூரிலும் அப்படியே போய் நின்று, நடுவரிடம் திட்டு வாங்கினார். தமிழரசி இரண்டாவதாக வந்தாள், விடுதியில் இடம் கிடைத்தது. பழைய பழக்கத்தோடு ஓடியிருந்தால் நாலாவதாகத்தான் வந்திருப்பாள். எனக்குத் தெரியும்.

பள்ளியின் சாதனைப் பலகையில் இருந்த பழைய நேரங்களை அழித்துவிட்டு, தமிழரசியின் நேரத்தை முதலாவதாக எழுதினோம். பழைய மாணவர் ஒருவர், உரக்கடை வைத்திருப்பவர், சண்டைக்கு வந்தார். "என் ரெக்கார்ட அழிச்சது யாருங்க?" டீச்சர் எழுந்து நின்றார். "நாந்தான் தம்பி. செருப்பக் கழட்டிட்டு இப்பவே ஓடுங்க, நான் நேரம் பாக்குறேன்." அவர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். மறுநாள் பள்ளிக்குப் புதிய அளவு நாடா ஒன்று வாங்கி அனுப்பிவைத்தார்.

தமிழரசியின் அந்த நேரத்தைப் பல வருடம் யாராலும் நெருங்க முடியவில்லை. போன வாரம் விளையாட்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை முறியடித்தாள். ஞாயிறன்று மருத்துவமனையில் அதைச் சொன்னேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் விழித்துக்கொண்டார்.

"தூரத்த அளந்தீங்களா சார்?"

"ரெண்டு தடவ அளந்தாச்சு டீச்சர்."

"நாடாவ தொய்வா புடிச்சிருப்பீங்க. இன்னொரு தடவ இழுத்துப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

திங்கட்கிழமை எனக்கு நேரம் வாய்க்கவில்லை. செவ்வாய் மாலை ஏலாக்குறிச்சிக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். வெளியூரில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் தமிழரசி வந்து, குழி மூடும்வரை என் பக்கத்தில் நின்றாள். திரும்பும்போது இருவருமாகப் பள்ளியில் இறங்கினோம். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். தொய்வில்லாமல் இழுத்தோம்.

சரியாக இருக்கிறது டீச்சர். உங்கள் தமிழரசியின் நேரத்தை அவளே தன் கையால் அழித்தாள், புதிய பெண்ணின் நேரத்தை நான் எழுதினேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.