இடம் மாறிய ஸ்க்ரூ

என் தங்கை ஒரு மெஷினைத் தட்டினால், பக்கத்து வீட்டில் நின்றுபோன மெஷினும் சேர்ந்து ஓடும். சரி, பக்கத்து வீடு நானாகச் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்தது.

முதல் வேலை சட்டை தைக்கும் கம்பெனியில், காலர் தைப்பது. ஊசி உடையப் போவதைச் சத்தத்தை வைத்தே சொல்ல அங்கே பழகினாள். "வந்துட்டாங்கப்பா மெஷின் டாக்டர்!" என்று கேலி செய்த தோழியே அவளைத் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடையில் சேர்த்துவிட்டாள். அந்தக் கடைக்கார அம்மாவின் வாய்க்கு எண்ணெய் போட வேண்டியதே இல்லை.

"கழட்டுற ஸ்க்ரூவை வரிசையா துணியில வை. குவிச்சு வச்சே, உன்னையும் சேர்த்துக் கழட்டிடுவேன்!"

அடுத்தது ஒரு சலவைக் கடை. பெல்ட், பம்ப், மோட்டார் எல்லாம் அங்கே கைவந்தன. எந்த வேலையையும் அவள் விட்டுவிட்டு வரவில்லை. கூடவே எடுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மெக்கானிக் வேலை. மூன்று மாதம் தற்காலிகம். கடைசி வாரத்தில், முந்தின நாள்தான் சர்வீஸ் செய்த பெரிய மெஷின் அலறத் தொடங்கியது.

"பேரிங் போச்சு" என்றார் மேற்பார்வையாளர். "இன்னிக்கு ஓடலைன்னா, உங்களை நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

இவள் காதை வைத்துக் கேட்டாள். "பேரிங்னா உறுமும் சார். இது கீறுது."

பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூக்களை வரிசையாக அடுக்கினாள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நகக்கண் அளவு நீளம். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதை முடுக்கியிருந்தார் யாரோ ஒரு புண்ணியவான். அதன் முனை டிரம்மை உரசியது. மாற்றிப் போட்டாள். மெஷின் பூனை போலச் சத்தமில்லாமல் ஓடியது. மேற்பார்வையாளரும் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பழைய இடங்களுக்கெல்லாம் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கடைக்கார அம்மா திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாராம். அவர்கள் எல்லோருக்கும் என் நன்றியும் உண்டு.

"ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தாள்" என்று எழுதப் போனேன். பக்கத்தில் இருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷமா? அரை நாள் ஆச்சு அக்கா! அந்தப் புண்ணியவானும் நான்தான். முந்தின நாள் சர்வீஸ் பண்ணதே நான்தானே? அன்னிக்கே சார்கிட்ட ஒத்துக்கிட்டேன். 'நீங்களே சொல்லிட்டீங்கல்ல, போதும்'னுதான் கையெழுத்துப் போட்டாரு."